கல்லீரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்

திருச்செங்கோடு தம்பி:

என் அண்ணனுக்கு 41 வயது. போர்வெல் ரிக் வண்டியில் 15 வருடம் வேலை. வண்டி ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியூரில் நிற்கும். ராத்திரி வேலை முடிந்ததும் உடம்பு வலிக்கு என்று ஒரு குவார்ட்டர். ஊருக்கு வந்தாலும் அது நிற்கவில்லை. "ஈரல் போயிரும்டா" என்று அம்மா புலம்பாத நாளில்லை. வருடா வருடம் கல்லீரல் டெஸ்ட் எடுப்போம், பெரிதாக ஒன்றும் இல்லை என்று வரும். அந்தத் தாளைக் காட்டியே குடிப்பார்.

போன ஆடியில் பிடித்த இருமல் ஐப்பசி வரை விடவில்லை. ரிக் தூசி என்றார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். ஒரு மாதத்தில் அதற்கும் உள்ளே இன்னொன்று. அதைப் பார்த்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சளி எடுக்க ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். காலை நேரம், வெறும் வயிறு. கை நடுங்கிய நடுக்கத்தில் அவரால் மூடியைத் திருக முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

டிபி என்று வந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நுரையீரலின் காற்றுப்பைகளில் வந்து விழும் கிருமியை விழுங்குவதற்கென்றே செல்கள் இருக்கின்றன. வருடக்கணக்கான குடி அவற்றை மந்தமாக்கிவிடுகிறது. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளிவிடும் மெல்லிய இழைகளும் சோர்ந்துபோகின்றன. நம் நாட்டில் ஏகப்பட்ட பேர் உடம்பில் டிபி கிருமி தூங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம். காவல் தளர்ந்தால் எழுந்துகொள்ளும். தினம் 40 கிராமுக்கு மேல் ஆல்கஹால் போனால் டிபி வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 180 மில்லி, 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டரிலேயே சுமார் 60 கிராம் வருகிறது. "ஒண்ணே ஒண்ணுதானே" என்று நாங்களும் எத்தனையோ நாள் விட்டிருக்கிறோம்.

வார்டு அக்கா:

தம்பி, நான் 14 வருடமாக ஆண்கள் வார்டில் செவிலியர். உங்கள் அண்ணனைப் போல எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். எனக்கு அதிகம் பயம் தருவது காய்ச்சல் அடிக்காத நிமோனியாதான். மூச்சு வாங்கும், நெஞ்சு எக்ஸ்ரே வெள்ளையாக இருக்கும், உடம்பு மட்டும் சுடாது. ரத்தத்தில் ஏற வேண்டிய வெள்ளை அணுக்கள் சிலருக்கு இறங்கிக் கிடக்கும். போய்ச் சண்டை போட ஆள் இல்லை என்று அர்த்தம்.

குடலையும் சொல்லியாக வேண்டும். நாள்பட்ட குடியில் குடல் சுவர் தளர்ந்து, உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் நச்சு கசிந்து ரத்தத்தோடு நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. உடம்பு ஓயாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். நிஜமான தொற்று வரும்போது தெம்பு இருக்காது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அந்த நீரிலேயே தொற்று வந்துவிடுவதும் உண்டு.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்மிஷன் போடும்போது குடியை மறைக்காதீர்கள். "எப்பவாவதுதாங்க" என்று வீட்டார் சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டாம், மூன்றாம் நாள் ராத்திரி, குடி திடீரென்று நின்றதால் நோயாளி உடம்பெல்லாம் வியர்த்து, படுக்கை விரிப்பில் இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டிருப்பார். முன்னமே தெரிந்தால் அதற்கும் மருந்து கொடுத்திருப்போம். தினமும் குடித்தவரை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மதுரைக்காரன்:

குடியை விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. எனக்குப் பல்லில்தான் ஆரம்பித்தது. ஈறு வீங்கி வடிந்துகொண்டே இருந்தது, வாய்ப்புண் ஆறவே ஆறாது. பல்லைப் பிடுங்கப் போனால், முதலில் ரத்தப் பரிசோதனை என்றார் டாக்டர். வெள்ளை அணு 2,800, ரத்தம் உறைய உதவும் தட்டணு 70 ஆயிரம், இரண்டுமே குறைவு. டெங்கு என்று பயந்துபோய் அதையும் பார்த்தோம், இல்லை. ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையே குடி அமுக்கி வைத்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்து நிறுத்தினேன். பத்தே நாளில் தட்டணு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அப்புறம்தான் பல்லைப் பிடுங்கினார்கள். தம்பி, அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். எல்லாம் திரும்பும் என்று சொல்லமாட்டேன், ஆனால் உடம்பு நிறையவே திருப்பித் தரும்.

திருச்செங்கோடு தம்பி:

ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. ஆறு மாத மாத்திரையில் இது ஐந்தாவது மாதம். நடுவில் தை நோன்பு சமயம் பழைய கூட்டாளிகள் வந்து ஒரு நாள் குடித்துவிட்டார். அந்த மாத்திரைகளே ஈரலுக்குப் பாரம், மேலே குடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் கடுமையாகவே பேசினார். அதற்குப் பிறகு தொடவில்லை. டிபிக்காரர்களுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்கில் வருகிறது. அம்மா அதை வாங்கி முட்டையும் நிலக்கடலையுமாக மாற்றிவிடுகிறார். ஒன்பது கிலோ ஏறியிருக்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் டிபி இல்லை என்று பார்த்து, வராமல் தடுக்க மாத்திரை கொடுத்தார்கள்.

போர் சீசன் ஆரம்பித்துவிட்டது. ரிக் ஓனர் தினமும் போன் செய்கிறார். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.