கிணத்தடியில நட்ட கீரை வயலுக்குப் போனது: உங்கட அனுபவமும் எழுதுங்கோ

வட்டக்கச்சி மகள்:
பொன்னாங்காணியை எல்லாருக்கும் தெரியும், விளக்கம் வேண்டாம். சந்தையில வாங்கின கட்டில இலையை ஆய்ஞ்சு வறைக்கு எடுத்திட்டு, மிச்சத் தண்டை அம்மா கிணத்தடி வாய்க்கால் ஓரம் ஊண்டி விட்டவ. மூண்டு மாதத்தில பாத்தி நிறைஞ்சுது. கோடையிலயும் வாடேல்லை. அயலுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தம்.

போன காலபோகம் விதைச்சு ஒரு மாதம் இருக்கும். விடியக் காலமை பின்பக்க வயல்காரப் பெரியப்பா வந்தார். சேறு வடிய வடிய ஒரு கைபிடி கொடியைத் திண்ணையில வைச்சார். கணுவுக்குக் கணு வெள்ளை வேர். "பிள்ளை, இது உங்கட கிணத்தடியில இருந்துதான் வந்தது" எண்டார். வேற ஒண்டும் கதைக்கேல்லை, போயிட்டார். அண்டு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

மெல்போர்னில இருக்கிற சின்னம்மாவுக்குப் படம் அனுப்பினன். உடன எடுத்து, "பூவைக் காட்டு" எண்டா. பூ இலை இடுக்கில ஒட்டி இருக்கேல்லை, அரை விரல் நீளக் காம்பில தூக்கி நிண்டுது. தண்டைக் கிள்ளச் சொன்னா. உள்ளுக்குக் குழாய். "இது எங்கட பொன்னாங்காணி இல்லையடி" எண்டா. தென்னமெரிக்காவில இருந்து வந்த களை, அலிகேட்டர் வீட் எண்டு பேர். 1990களில அங்க இலங்கைச் சனம் முக்குனுவென்ன (பொன்னாங்காணிக்குச் சிங்களப் பேர்) எண்டு நம்பி வளவுகளில வளர்த்தது இதைத்தானாம். அரசாங்க ஆக்கள் வந்து கிண்டி எடுத்து, பதிலுக்கு அந்த நாட்டுக் கீரை ஒண்டைக் குடுத்தவையாம்.

அம்மா இப்ப இல்லை. அவ ஊண்டின பாத்தியை நான் என்ர கையால கிண்டினன். அதுதான் மனசில கிடக்கு.

முரசுமோட்டை:
அக்கா, எனக்குத் தண்ணியில வளருற கங்குன் கீரையில நடந்தது. பின்வாய்க்காலில ரெண்டு தண்டு போட்டு விட்டன், பிள்ளையளுக்கு விருப்பம் எண்டு. சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்த அண்டு கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேரேல்லை. கமக்காரர் அமைப்பில இருந்து எட்டுப் பேர் வந்து இடுப்பளவு தண்ணியில நிண்டு இழுத்தவை. அறுக்க அறுக்கப் பாய் மாதிரிச் சுருண்டு வந்தது. அடைப்பு எடுபட்ட உடன தண்ணி பாய்ஞ்ச சத்தம் இப்பவும் காதில கேக்குது. ஆரும் என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும்.

புதுக்குடியிருப்பு:
இதுகளை வாசிக்க எனக்குக் கோபம்தான் வருது. சாப்பிடுற இலையை ஏன் களை எண்டுறீங்கள்? 2009 பங்குனியில, கடைசிச் சண்டை நேரம், மாத்தளனில தறப்பாளுக்குப் பக்கத்தில சாறணை முளைச்சிருந்தது. அம்மம்மா அதைக் கிள்ளி, உப்பில்லாமல் அவிச்சு, எங்கட கையில ஒவ்வொரு உருண்டை வைச்சா. தம்பி இன்னும் கேட்டான், குடுத்தா. அது அவவின்ர பங்கு எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. என்ர வளவில சாறணை தானா வரும். ஒண்டையும் பிடுங்க விடமாட்டன். பிடுங்கிறதெண்டால் பாத்தீனியத்தைப் பிடுங்குங்கோ.

வவுனியா தோட்டக்காரன்:
தங்கச்சி, உங்கட சாறணையை இங்க ஆரும் குறை சொல்லேல்லை. அது மழைக்கு வந்து வெயிலுக்குக் காயுற சாமான். அக்கா சொல்லுறது வேற. பாத்தீனியத்தை இதோட சேர்க்காதேங்கோ, அது விதையால பரவும். இது துண்டால பரவும். ஒரு கணு மிஞ்சினால் காணும், அதில இருந்து திரும்பி வரும்.

நான் ஒருக்கா மண்வெட்டியால கொத்திக் குப்பைக் கிடங்கில போட்டனான். அடுத்த மாரிக்குக் கத்தரிப் பாத்தி முழுக்க அதுதான். என்ர கதை அவ்வளவுதான், ஆனால் அதுக்குப் பிறகு படிச்சதைச் சொல்லுறன். கொத்த வேண்டாம். மண்ணை ஈரமாக்கி, மண் கிளறுற முள்ளால கிளப்பி, வேரைப் பிடிச்சுக்கொண்டு அது போற வழியில போங்கோ. கிளப்பினதை நிலத்தில இழுக்காமல் சாக்கில போடுங்கோ. பிறகு தகரத்தில பரவி, பிடிச்சால் நொறுங்கிற மட்டும் காய விட்டு எரிச்சு விடுங்கோ. வாய்க்காலில எறியவே கூடாது, பசளைக் குழியிலயும் போடக் கூடாது. கிணத்தடி எண்டபடியால் மருந்து அடிக்காதேங்கோ. கிழமைக்கு ஒருக்கா போய்ப் பாருங்கோ, ஒரு வருசத்துக்காவது. இன்னொண்டு, தண்டு குழாயாய் இருக்கு எண்டதை மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ, கங்குன் தண்டும் குழாய்தான். பூவைப் பாருங்கோ. நல்ல பொன்னாங்காணிக்குப் பூ கணுவோட ஒட்டி இருக்கும், காம்பு இராது. முரசுமோட்டைத் தம்பிக்கும் சொல்லுறன்: கழிவுத் தண்ணி போற வாய்க்காலில முளைச்ச கங்குனைப் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. தண்ணியில இருக்கிற ஈயம் மாதிரி உலோகங்களை அது இழுத்து வைச்சுக்கொள்ளும்.

வட்டக்கச்சி மகள்:
நன்றி அண்ணை. தகரத்திலதான் போட்டிருக்கிறன். நேற்றுப் பின்னேரம் பெரியப்பா தானா வந்து, கிணத்தடியில குந்தியிருந்து, கிண்டின மண்ணைக் கையால பிசைஞ்சு பிசைஞ்சு பாத்தார். சுண்டுவிரல் அளவு வேர்த்துண்டு ஒண்டு அம்பிட்டுது. அதைச் சேட்டுப் பொக்கற்றில போட்டுக்கொண்டு, தேத்தண்ணி இருக்கோ பிள்ளை எண்டு கேட்டார்.