கவுன்சிலிங் அறைக்குள் என்ன நடந்தது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லைத்தென்றல்:

கவுன்சிலிங் என்று பேச்செடுத்தாலே “போய் நம்ம கஷ்டத்தைச் சொல்லி அழுதுட்டு வரணும், அவ்வளவுதானே, அதை எங்க அக்காகிட்டயே சொல்லிக்குவேன்” என்பவர்கள்தான் என்னைச் சுற்றி அதிகம். அது அழுதுவிட்டு வருகிற இடம் மட்டும் இல்லை. உள்ளே உங்களை என்ன செய்யச் சொன்னார்கள், வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். பேர் வேண்டாம், ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

எனக்கு வந்தது பேனிக் அட்டாக். தென்காசி பஸ்ஸில் கூட்டத்தில் நின்றுகொண்டு வரும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு, விரல் மரத்து, தொண்டையை யாரோ பிடித்த மாதிரி ஆகி, இதோ உயிர் போகிறது என்றே நினைத்தேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள். மறுபடியும் வந்தது. அப்புறம் பஸ்ஸை விட்டேன், லிஃப்டை விட்டேன், கல்யாண வீட்டுக் கூட்டத்தை விட்டேன், கடைசியில் வீட்டில் தனியாக இருக்கவே பயம். ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லி அனுப்பிய பிறகு அடுத்து எங்கே போவது என்று ஒருத்தரும் சொல்லாததுதான் இதில் பெரிய கொடுமை. ஒரு டூட்டி டாக்டர் மட்டும் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

சைக்காலஜிஸ்ட் ஒரு தாளில் வட்டம் போட்டார். நெஞ்சு படபடக்கிறது, “மாரடைப்பு” என்று மனசு சொல்கிறது, பயம் வருகிறது, பயத்தில் அட்ரினலின் ஏறுகிறது, அதில் நெஞ்சு இன்னும் படபடக்கிறது, மறுபடி “மாரடைப்பு”. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் மரத்துப்போவது அதனால்தான் என்று விளக்கினார். அந்தப் படபடப்பு பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடுமாம், நாம் ஓடிப்போவதால் இறங்குவதில்லையாம். 1986ல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் எழுதிய விளக்கம் இது என்றும் சொன்னார்.

அதற்கப்புறம் செய்யச் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடு. சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து சுற்று. மாடிப்படி ஏறி இறங்கு. அதாவது நான் எதைக் கண்டு நடுங்கினேனோ அதே தலைசுற்றலையும் படபடப்பையும் அவர் கண்முன்னால் நானே வரவழைக்க வேண்டும். 0 முதல் 100க்குள் பயம் எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். தொண்ணூறு என்று சொன்ன அதே ஸ்ட்ரா கொஞ்ச நாளில் முப்பது ஆனது. பிறகு பஸ். முதலில் ஒரு ஸ்டாப் மட்டும், தண்ணி பாட்டில் கிடையாது, மாத்திரை டப்பா கிடையாது, வீட்டுக்காரருக்குப் போன் போடக் கூடாது. இதெல்லாம் கையில் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனசு கணக்குப் போடும், அந்தக் கணக்கை உடைக்கத்தான் வெறுங்கையோடு போகச் சொன்னார். இப்போது குற்றாலம் சீசன் கூட்டத்திலும் போய்வருகிறேன். எப்போதாவது நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றுவிடுகிறேன்.

ஈரோட்டுக்காரன்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கும் எழுதத் தைரியம் வந்தது. எனக்கு ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பயம் தணிய ஒரே காரியத்தையே மறுபடி மறுபடி செய்ய வைக்கிற வியாதி. ஓசிடி என்றால் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வந்தது வேறு. என் மகள் அப்போது கைக்குழந்தை, அவளைத் தூக்கும்போதெல்லாம் “கத்தியால் குத்திவிடுவேனோ” என்று ஒரு நினைப்பு. அவள்மேல் எனக்கு உயிர். அப்படியிருந்தும் இந்த நினைப்பு வந்ததால் நான் மனுஷனே இல்லை என்று முடிவுகட்டி, அரிவாள்மணையையும் கத்தியையும் பரணில் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டேன். “நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைதானே?” என்று மனைவியிடம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பேன். “இல்லைங்க” என்பாள். கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடி கேட்பேன்.

இதை டாக்டரிடம் சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார் என்று பயந்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இப்படி விபரீதமான நினைப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் வந்து போகிறது, மற்றவர்கள் “சீ” என்று விட்டுவிடுகிறார்கள், நீங்கள் அதற்கு அர்த்தம் தேடி விசாரணை நடத்துகிறீர்கள் என்றார். மாத்திரை ஆரம்பித்தார், ஓசிடிக்கு அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் நடுவில் விடாமல் சாப்பிட்டேன்.

கூடவே இஆர்பி என்ற தெரபி. 1966ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் தொடங்கிவைத்த வழி. பயப்படுகிற விஷயத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், ஆனால் பயம் தணிய வழக்கமாகச் செய்கிறதைச் செய்யக் கூடாது. பரணிலிருந்து கத்தி இறங்கியது. முதலில் அதை மேஜையில் வைத்துப் பார்ப்பது, பிறகு கையில் பிடிப்பது, பிறகு அதே அறையில் மகள் விளையாடும்போது நான் தக்காளி நறுக்குவது. வேர்த்துக் கொட்டும், சட்டை நனைந்துவிடும். இதையெல்லாம் தெரபிஸ்ட் இல்லாமல் தானாக ஆரம்பிக்காதீர்கள், படிப்படியாகப் பிரித்துக் கொடுக்க அவர் வேண்டும்.

ஒருநாள் மனைவியையும் கூட்டிவரச் சொன்னார். “அவர் கேட்டால் நீங்கள் சமாதானம் சொல்லாதீர்கள், அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி” என்று அவளிடம் சொல்லி, பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றும் பழக்கிவிட்டார். “இது ஓசிடி கேட்கிற கேள்வி, நான் பதில் சொல்லமாட்டேன். வாங்க, காபி குடிக்கலாம்.” முதல் வாரம் அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு கோபம் வரும். அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள். எங்கள் வீட்டில் வியாதி இறங்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது இப்போது என் வேலை.

தஞ்சைப்பெண்:

எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு வந்த டிப்ரெஷன். அம்மா வீட்டில்தான் இருந்தேன், கவனிப்பில் குறையே இல்லை, ஆனாலும் குழந்தை அழுதால் எழுந்திருக்கத் தோன்றாது, குளிக்கத் தோன்றாது, இந்தப் பிள்ளைக்கு வேறு நல்ல அம்மா கிடைத்திருக்கலாம் என்றே ஓடும். “பால் குடிக்கிற பிள்ளையை வெச்சுக்கிட்டு மூஞ்சியை இப்படி வெச்சுக்கலாமா” என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தனியாகக் கூப்பிட்டு 10 கேள்விகள் கேட்டார். அது பிரசவத்துக்குப் பிறகு வரும் டிப்ரெஷனைக் கண்டுபிடிக்க உதவுகிற எடின்பரோ அளவுகோல் என்று பிறகு தெரிந்தது, 1987லிருந்து இருக்கிறதாம். பிரசவமான ஒவ்வொரு பெண்ணிடமும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டால் எவ்வளவோ பேர் தப்பிப்பார்கள்.

தெரபியில் என் பால்யகாலத்தைத் தோண்டுவார்கள் என்று நினைத்தேன். மணிவாரியாகக் கட்டம் போட்ட தாளைத்தான் கொடுத்தார்கள். எந்த நேரம் என்ன செய்தேன், அப்போது மனசு பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். அதைப் பார்த்தால், நாள் முழுக்க ஒன்று இரண்டு என்று கிடக்கிற எண் மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் நின்ற நேரத்தில் மட்டும் நாலு. “மனசு சரியானதும் செய்யலாம்னு காத்திருக்காதீங்க, முதல்ல செய்யுங்க, மனசு பின்னால வரும்” என்று தெரபிஸ்ட் சொல்லி அந்த ஒன்றைத் தினமும் செய்ய வைத்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கோவாவில் சங்காத் என்ற அமைப்பு சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, 6 முதல் 8 அமர்வில் இதே முறையைச் செய்யவைத்து, பலன் கிடைத்தது என்று 2017ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஊர்ப்பக்கத்துக்கும் இது வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

பெயர்வேண்டாம்:

எனக்கு முதலில் கிடைத்தவர் சரியில்லை. “கல்யாணம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்” என்றார், நான் சொன்னதை அப்பாவிடமும் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கும் மேல் யாரிடமும் போகவில்லை. இரண்டாவது தெரபிஸ்ட் உட்கார்ந்ததுமே எதெல்லாம் ரகசியம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்வார் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். 2017 மனநலச் சட்டத்திலேயே ரகசியம் காக்கப்படும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒருவர் ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், தெரபியை விட்டுவிடாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், உண்மையானவர் கோபப்படமாட்டார்.

புதியவன்:

தூக்கமே இல்லாமல் கிடக்கிறேன். கையில் காசும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது? மாத்திரை இல்லாமல் முடியுமா?

செவிலிஅக்கா:

தம்பி, இன்றைக்கு ராத்திரியே 14416க்குப் போன் போடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. செத்துவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் தயங்காமல் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் எழுப்புங்கள். விடிந்ததும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய், ஓபி சீட்டு போடும் இடத்தில் மனநலப் பிரிவு என்று கேளுங்கள்.

மாத்திரை வேண்டுமா என்பதை அங்கே பார்த்துத்தான் சொல்ல முடியும். லேசாக இருந்தால் பெரும்பாலும் தெரபியே போதும், கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்தால் நல்லது. மாத்திரை ஆரம்பித்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

எப்போதிலிருந்து தூக்கமில்லை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே கூட்டத்தில் பதற்றத்தில் மறந்துவிடும். வீட்டில் யாராவது கூட வந்தால் நல்லது. அவர் எதிரில் பேசச் சங்கடமாக இருந்தால் “கொஞ்ச நேரம் தனியாப் பேசணும்” என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அவரே வெளியே இருக்கச் சொல்வார்.