அப்பாவுக்கு அப்போது ‘டி’, இப்போது ‘ஈ’: நோய் முற்றிவிட்டதா?

பல்லடத்துப் பொண்ணு:
அப்பாவுக்கு 63 வயது. நூல் மில்லில் புளோ ரூமில் பஞ்சுப் பொதி பிரித்துப் போடும் வேலை, ரிட்டயர் ஆகும்வரை அதே இடம்தான். பீடியும் உண்டு, இப்போது விட்டுவிட்டார். 2021-ல் சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு வரும் நுரையீரல் நோய்) என்று சொன்ன டாக்டர் சீட்டில் ‘கோல்டு 3, குரூப் டி’ என்று எழுதியிருந்தார். போன வாரம் வேறு டாக்டரிடம் காட்டினோம். எஃப்இவி1 43 சதவீதம். ‘கோல்டு 3, குரூப் ஈ’ என்று இருக்கிறது. டி போய் ஈ ஆகிவிட்டதே என்று அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

ஈரோட்டு அக்கா:
ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரி எடுக்கிற வேலைங்க எனக்கு. அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்க. மாறியது விதிதான். கோல்டு என்ற உலக அமைப்பு 2023 அறிக்கையில் சி, டி இரண்டையும் சேர்த்து ஈ ஆக்கிவிட்டது. இப்போது ஏ, பி, ஈ மூன்றுதான். அந்த 2023 விதிப்படி, வருஷத்தில் ரெண்டு தடவை மூச்சு மோசமாகி ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் வரை போனாலோ, ஒரு தடவை பெட்டில் சேர்த்தாலோ ஈ.

‘கோல்டு 3’ என்ற எண் தனிக் கணக்கு. மருந்து இழுத்த பிறகு ஊதச் சொல்வோம். முதல் வினாடியில் வரும் காற்றை மொத்தக் காற்றால் வகுத்து 0.7-க்குக் கீழே இருந்தால்தான் சிஓபிடி. அப்புறம் அந்த முதல் வினாடிக் காற்று (அதுதான் எஃப்இவி1), அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் என்று பார்ப்போம். 80-ம் அதற்கு மேலும் 1, 50 முதல் 79 வரை 2, 30 முதல் 49 வரை 3, அதற்கும் கீழே 4. முற்றியதா என்று தெரிய பழைய ரிப்போர்ட்டில் உள்ள சதவீதத்தைத் தேடுங்க.

வாய்க்கால்மேடு:
அம்மிணி, எனக்கும் கோல்டு 3தான். பீடி தொட்டதில்லை. கவுந்தப்பாடிப் பக்கம் வெல்ல ஆலையில் அடுப்புக்குச் சக்கை தள்ளியே பாதி ஆயுள் போச்சு, அந்தப் புகைதான்.

சீட்டில் எழுதாத ஒன்று சொல்கிறேன். நடையைவிடக் குளியல்தான் ஆளைச் சாய்க்கும். குனிந்து மொண்டு, கையைத் தூக்கித் தலைக்கு ஊற்றி, துவட்டுவதற்குள் கண் இருட்டிவிடும். இப்போது முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிறேன். வாளிக்கும் ஒரு முக்காலி. இளைப்பு வந்தால் பயந்து வாயைப் பிளக்கக் கூடாது. மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல ரெண்டு பங்கு நேரம் மெல்ல விட வேண்டும். பிசியோக்காரப் பையன் சொல்லிக் கொடுத்தது. பஸ் ஏறி இறங்க எனக்கு அதுதான் துணை.

ஸ்டீராய்டு பஃப் என்றால் அடித்ததும் வாய் கொப்பளிக்கிறாரா பாருங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ரோட்டாகேப் (மாவு மருந்து அடைத்த கேப்சூல்) என்றால் இழுத்தபின் திறந்து பார்க்கட்டும். மாவு மிச்சமிருந்தால் இன்னொரு இழுப்பு.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே கண்ணு. வீட்டில் தண்ணி அடுப்பு உண்டா? தென்னை மட்டையும் பன்னாடையும் போட்டு எரித்து, அந்தப் புகை விடிகாலையில் திண்ணைக்கு வந்தால் எந்த மருந்தும் தாக்குப் பிடிக்காது.

பஞ்சுக்காரன்:
புளோ ரூம் என்பதால் கேட்கிறேன். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கும், அப்புறம் தேவலையாகும் என்று முன்பு சொல்லியிருக்கிறாரா? அது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ். சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. பீடி என்றதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்க.

பல்லடத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றிங்க. 2021 ரிப்போர்ட் கிடைத்தது, அதில் 46. முதல் நாள் இறுக்கம் இருந்ததாம், மில்லில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று விட்டுவிட்டாராம். ஐயா, தண்ணி அடுப்பு இருக்கிறது. பற்ற வைப்பது அம்மா. அவருக்கும் இருமல் உண்டு, புகைக்கு என்று நினைத்திருந்தோம்.

ஈரோட்டு அக்கா:
46, 43 பெரிய சரிவு இல்லைங்க. ஒரு ஊதலுக்கும் இன்னொன்றுக்கும்கூட இவ்வளவு வித்தியாசம் வரும். அடுத்த தடவை அப்பாவோடு அம்மாவையும் கூட்டிப்போய் ஊத வையுங்க.