ஃபோல்டர் பெட்டியைத் திறந்தால் "படமெல்லாம் காணோம்" என்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி
வணக்கம். கல்யாண ஸ்டுடியோ ஒன்றுக்குச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபோல்டரைக் காட்டினால் போதும், உள்ளே இருக்கும் ஜேபெக் படங்களை எடுத்த நேரப்படி வரிசையாக்கிப் பெயர் மாற்றிவிடும். விண்டோஸ் நிரல்கள் எழுதும் மைக்ரோசாஃப்டின் வின்ஃபார்ம்ஸில், டாட்நெட் தளத்தின் பழைய வகையான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல் எழுதினேன். ஃபோல்டரைக் கேட்க அதிலேயே இருக்கும் ஃபோல்டர்பிரவுசர்டயலாக் என்ற பெட்டியைப் போட்டதால், ஃபோல்டர்களைக் கிளை கிளையாகக் காட்டும் அந்தப் பழைய மரம்தான் வந்தது. டெஸ்க்டாப்பில் தொடங்கி ஒவ்வொரு கிளையாக விரிக்க வேண்டும். பாதையை ஒட்ட முகவரிப் பட்டையும் கிடையாது. படங்களோ டி டிரைவில் ஆறு அடுக்கு உள்ளே.

ஆபரேட்டர் அக்கா புலம்பியதால் டாட்நெட் 8-க்கு மாற்றினேன். இப்போது எக்ஸ்ப்ளோரர் (விண்டோஸில் கோப்புகளைப் பார்க்கும் விண்டோ) போலப் பெரிய பெட்டி வருகிறது. நிம்மதி என்று நினைத்தால் நேற்று போன்: "தம்பி, முகூர்த்தம் ஃபோல்டர் காலியா இருக்கே, அழிஞ்சிடுச்சா?" எதுவும் அழியவில்லை. பெட்டி ஃபோல்டர்களை மட்டும் காட்டுகிறது. கோப்புகளையும் காட்ட வைக்க வழி உண்டா?

பதில் 1
அந்தப் பெட்டியில் முடியாது. விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த பெட்டி அது. "ஃபோல்டர் மட்டும்" என்ற தெரிவோடு அழைத்தால் கோப்புகளை மறைத்துவிடும். டாட்நெட் கோர் 3.0 (உங்கள் டாட்நெட் 8-இன் முந்தைய பதிப்பு) முதல் ஃபோல்டர்பிரவுசர்டயலாக் அதைத்தான் அப்படி அழைக்கிறது. அதன் ஆட்டோஅப்கிரேட்எனேபிள்ட் என்ற பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் பழைய மரம் திரும்பி வரும், ஆனால் அதற்கு அக்காவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "இங்கே படங்கள் தெரியாது" என்று தலைப்பில் எழுதலாம். யாரும் படிக்கமாட்டார்கள்.

பதில் 2
ஃபோல்டரைக் கேட்காதீர்கள், படத்தைக் கேளுங்கள். கேமரா கார்டிலிருந்து அப்படியே நகல் எடுத்தால் ஃபோல்டர் பெயர் 100கேனன், 101கேனன் என்றுதான் இருக்கும். அடுத்த கல்யாணத்துக்கும் அதே பெயர். பெயரை வைத்து எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மணப்பெண் முகம் தெரிந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியான ஓப்பன்ஃபைல்டயலாக் போட்டு, தலைப்பில் "இந்தக் கல்யாணத்தின் ஏதாவது ஒரு படத்தைக் காட்டுங்கள்" என்று எழுதுங்கள். வரும் பாதையிலிருந்து கெட்டைரக்டரிநேம் என்ற கட்டளை மூலம் ஃபோல்டரை எடுத்துக்கொள்ளலாம். உடனே வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். ஒரே ஒரு படம்தான் மாறும் என்று நினைத்துவிடுவார்கள். "இந்த ஃபோல்டரில் மொத்தம் இத்தனை படங்கள், எல்லாவற்றையும் மாற்றட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேட்டவர்
அண்ணா, இது நன்றாக வேலை செய்கிறது! அக்கா சிறுபடங்களைப் பெரிதாக்கி வைத்துப் பார்க்கிறார். ஒரு குறை மட்டும்: முடிந்த ஆல்பத்தை வேறு டிரைவில் சேமிக்கிறோம். அதற்கப்புறம் அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கப் போனால், பெட்டி சேமித்த இடத்திலேயே திறக்கிறது.

பதில் 1
விண்டோஸ் கடைசி இடத்தை நிரலுக்கு ஒன்றாகத்தான் நினைவில் வைக்கிறது, அதனால்தான். திறக்கும் பெட்டி, சேமிக்கும் பெட்டி இரண்டுக்கும் கிளையன்ட்ஜியுஐடி பண்பில் வேறு வேறு அடையாள எண் கொடுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும். அடையாளத்தை ஒருமுறை உருவாக்கி நிரலிலேயே எழுதிவிடுங்கள். ஓடும்போதெல்லாம் புதிதாக உருவாக்கினால் பயனில்லை.

பதில் 3
பெட்டியே எதற்கு? எக்ஸ்ப்ளோரர் ஏற்கெனவே திறந்துதானே இருக்கும். ஃபோல்டரை இழுத்து உங்கள் விண்டோவில் போட விடுங்கள், விண்டோவின் அலோட்ராப் பண்பை ட்ரூ ஆக்கினால் பாதி வேலை முடிந்தது. கூடவே கடைசியாகத் திறந்த ஐந்து ஃபோல்டர்களை முகப்பில் பட்டன்களாக வையுங்கள்.

கேட்டவர்
ஐந்து பட்டன் வைத்தாயிற்று. இழுத்துப் போடுவது என் கணினியில் சரி, ஸ்டுடியோவில் மட்டும் "இங்கே போட முடியாது" என்ற தடை வட்டம் வருகிறதே?

பதில் 3
அங்கே நிரலை அட்மினாக (கூடுதல் உரிமையோடு) ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சாதாரண உரிமையில் ஓடும் எக்ஸ்ப்ளோரரிலிருந்து அட்மின் விண்டோவுக்கு இழுத்துப் போட விண்டோஸ் விடாது.

கேட்டவர்
அதேதான் அண்ணா. ஷார்ட்கட்டில் யாரோ "அட்மினாக இயக்கு" என்று டிக் போட்டிருந்தார்கள். எடுத்ததும் சரியாகிவிட்டது. யார் போட்டது என்று கேட்டேன். நான்தானாம், நிறுவிய அன்று.