1953இல் காலனிகளுக்கு நீட்டிய மனித உரிமை உடன்படிக்கை கென்யாவில் ஏன் பயன்படவில்லை?

ஏடகம் கேட்டது:
ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை பிரிட்டன் 1951 மார்ச்சிலேயே ஏற்புறுதி செய்துவிட்டது (கையெழுத்துக்குப் பின் முறைப்படி ஏற்றுக் கட்டுப்படுவதுதான் ஏற்புறுதி). 1953 அக்டோபரில் அதை 42 காலனிகளுக்கும் சார்பு நாடுகளுக்கும் நீட்டித்தது. கென்யாவும் அதில் அடக்கம். காலனி ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க அங்கே விசாரணையில்லாத் தடுப்பு முகாம்கள் நிரம்பியதும் அதே ஆண்டுகளில்தான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடந்தன? இன்னொரு பிரிட்டிஷ் காலனியான சைப்ரஸின் விவகாரம், இந்த உடன்படிக்கையின் முறையீடுகளை விசாரிக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் வரை போனதே, கென்யா ஏன் போகவில்லை?

நெடுங்கணக்கு:
ஏற்புறுதி செய்த தேதியை மட்டும் பார்த்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஒரு காலனியைப் பொறுத்தவரை நான்கு தேதிகளைத் தனித்தனியாகத் தேட வேண்டும்.

முதலாவது, ஏற்புறுதி. இரண்டாவது, 63ஆம் பிரிவின்படி அந்த நிலப்பகுதியின் பெயரைச் சொல்லிச் செய்த நீட்டிப்பு. பெயர் இல்லையென்றால் உடன்படிக்கை அங்கே கிடையாது. ஹாங்காங்கும் தெற்கு ரொடீசியாவும் அப்படித்தான் விடுபட்டன. மூன்றாவது, 15ஆம் பிரிவின் நெருக்கடிக்கால இடைநிறுத்தம். கென்யாவுக்கு பிரிட்டன் இதை 1954இல் அறிவித்தது. விசாரணையின்றி அடைத்துவைப்பதைத் தடுக்கும் 5ஆம் பிரிவு அத்துடன் முடங்கியது.

ஆனால் இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சித்திரவதையைத் தடுக்கும் 3ஆம் பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. ஆகவே முகாமில் அடைத்தது இடைநிறுத்தத்தின் நிழலில் ஒளிந்துகொள்ளலாம். அடித்தது ஒளிந்துகொள்ள முடியாது. 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் 11 கைதிகள் அடிபட்டு இறந்தபோது 3ஆம் பிரிவு முழு உயிரோடுதான் இருந்தது.

ஆனால் அதைக் கையில் எடுத்து வழக்காட ஆளில்லை. நான்காவது தேதி இங்கேதான் வருகிறது. பாதிக்கப்பட்டவரே நேரடியாக முறையிடும் தனிநபர் மனு, அன்று நாடுகள் விரும்பினால் மட்டும் ஏற்கும் ஏற்பாடு. பிரிட்டன் அதற்கு இசைந்தது 1966 ஜனவரியில். கென்யா விடுதலை பெற்றதோ 1963 டிசம்பரில். உரிமை ஏட்டில் இருந்த காலம் முழுவதும் கென்யர் ஒருவர்கூட அதைக் கொண்டு மனுப்போட வழியில்லை.

கல்லெழுத்து:
சைப்ரஸுக்கு வேறு கதவு திறந்திருந்தது. உறுப்பு நாடு இன்னோர் உறுப்பு நாட்டின்மேல் முறையிட 24ஆம் பிரிவு இடம் கொடுத்தது. கிரீஸ் 1953லேயே ஏற்புறுதி செய்திருந்ததால் 1956 மே மாதம் பிரிட்டன்மேல் முறையிட்டது. அந்த உடன்படிக்கையின்கீழ் நாடுகளுக்கிடையே வந்த முதல் வழக்கு அது. 1957இல் வந்த இரண்டாம் முறையீடு 49 துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை அடுக்கியது.

கசையடித் தண்டனை, கூட்டுத் தண்டனை விதிகளை வழக்கு நடக்கும்போதே பிரிட்டன் கைவிட்டது. உருப்படியான பலன் அதுதான். நெருக்கடி உண்மையிலேயே இருந்ததா என்று முடிவுசெய்வதில் அரசுக்கு ஓரளவு விருப்புரிமை உண்டு என்று, முறையீட்டை விசாரித்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை நீதிமன்றத் தீர்ப்புகளில் வரும் அந்தக் கோட்பாட்டின் வேர் இங்கேதான். சைப்ரஸ் விடுதலைக்கான சூரிச், லண்டன் உடன்பாடுகள் 1959இல் கையெழுத்தானதும் ஐரோப்பிய மன்றத்தின் அமைச்சர் குழு மேல்நடவடிக்கை எதுவும் எடுக்காமல் கோப்பை மூடியது.

கென்யாவுக்கு ஐரோப்பாவில் ஒரு கிரீஸ் இல்லை. ஐரோப்பாவுக்குள் உறவுள்ள காலனிக்கே காவல் கிடைத்தது. இது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

ஏடகம்:
நன்றி. பிரான்சும் பெல்ஜியமும்? ஐ.நா.வில் இதை யாரும் எதிர்க்கவில்லையா?

நெடுங்கணக்கு:
பிரான்ஸ் 1950இல் கையெழுத்திட்டு, 1974 வரை ஏற்புறுதி செய்யவில்லை. அல்ஜீரியப் போர் முழுவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்துவிட்டது. பெல்ஜியம் 1955இல் ஏற்புறுதி செய்தது, காங்கோவுக்கு நீட்டவில்லை.

ஐ.நா.வில் கதை வேறு, சட்ட வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுவே. அங்கே வரைவில் இருந்த மனித உரிமை ஒப்பந்தத்திலும் இதேபோன்ற காலனிப் பிரிவு வேண்டும் என்று பேரரசுகள் வாதாடின. பொதுச்சபை 1950 டிசம்பரில் 422ஆம் தீர்மானத்தால் அதை மறுத்து, தாய்நாட்டுக்கும் காலனிக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்று எழுதச் சொன்னது. 1952இல் மக்கள் தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே முடிவுசெய்யும் தன்னுரிமையையும் சேர்க்கச் சொன்னது. 1966இன் இரண்டு ஒப்பந்தங்களிலும் முதல் பிரிவு மக்களின் தன்னுரிமையாக இருப்பதன் பின்னணி இது. நடைமுறைக்கு வந்தது 1976இல். அதற்குள் பெரும்பாலான காலனிகள் விடுதலை பெற்றுவிட்டன.

கல்லெழுத்து:
ஆவணம் தேடுவோருக்கு ஒன்று. 63ஆம் பிரிவு 1998க்குப் பிறகு 56 என்று எண் மாறிவிட்டது. பழைய எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் புதிய தீர்ப்புகள் அகப்படாது. "உள்ளூர்த் தேவைகளைக் கருத்தில் கொண்டு" என்ற அதன் மூன்றாம் உட்பிரிவு எவ்வளவு தாங்கும் என்பதற்கு, மான் தீவில் சிறுவனுக்குக் கொடுத்த பிரம்படி பற்றிய 1978ஆம் ஆண்டு டைரர் தீர்ப்பைப் படியுங்கள். உள்ளூர் மக்கள் ஆதரிக்கிறார்கள் என்பது போதாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தள்ளிவிட்டது.

கென்யருக்கு 2013இல் கிடைத்த இழப்பீடு இந்த உடன்படிக்கை வழியாக வந்ததல்ல. ஆங்கிலச் சிவில் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கில், காலங்கடந்தது என்ற அரசின் வாதத்தை லண்டன் உயர் நீதிமன்றம் 2012இல் மறுத்த பிறகு, 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு என்று சமரசமானது. பிரிட்டன் வெளியுறவுத் துறையின் ஹான்ஸ்லோப் பார்க் வளாகத்தில் பதுக்கியிருந்த காலனிக் கோப்புகள் 2011இல் வெளிவந்தது அந்த வழக்குக்குப் பெரிய பலம். இன்று அவை பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்.சி.ஓ. 141 வரிசையில் கிடைக்கும்.