டெல்லியில் டீசல் பஸ்ஸை ஒழித்த நாட்களில் அங்கே இருந்தவர்கள் யாராவது உண்டா?

பெரம்பூர்க்காரன்:
2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அன்றிலிருந்து வேலைக்கு அதில்தான் போகிறேன். இரைச்சல் இல்லை. தாழ்தளம் என்பதால் அம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறிவிடுகிறார். ஆனால் மாமனார் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "டெல்லியில கேஸ் பஸ் வந்தப்போ ஊரே நடுத்தெருவுல நின்னுச்சு, பார்த்துக்கிட்டே இருங்க மாப்பிள்ளை" என்று தினமும் ஒரு பாட்டு. நிஜமாகவே அவ்வளவு மோசமா? இங்கேயும் அப்படி ஆகுமா?

ஆர்.கே.புரம் பழைய ஆள்:
உங்கள் மாமனார் சொல்வதில் பொய் இல்லை தம்பி. நான் அப்போது டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தேன்.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது: 2001 மார்ச் 31-க்குள் நகரப் பேருந்து எல்லாம் சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவுக்கு, மாற வேண்டும். இரண்டே முக்கால் வருடம் இருந்தது. எப்படியும் நீட்டித்துவிடுவார்கள் என்று எல்லோரும் காலை நீட்டிப் படுத்துவிட்டார்கள். நீட்டிக்கவும் செய்தார்கள், ஒரு தடவை அல்ல. ஆனாலும் 2001 ஏப்ரல் முதல் வாரத்தில் நான் ஆபீசுக்கு நடந்தே போனேன். 2002 ஏப்ரலில் டீசல் பஸ் ஓட்டினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்றதும்தான் முதலாளிகளுக்கு உறைத்தது. அந்த வருடக் கடைசியில் டீசல் பஸ் போயே போய்விட்டது.

பிரச்சினை பஸ்ஸில் இல்லை, கேஸ் பிடிக்கும் இடத்தில். கேஸ் குழாய் வராத பங்க்குகளுக்கு கேஸ் சிலிண்டர் அடுக்கை லாரியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முதலில் வரும் வண்டிக்கு அழுத்தம் நன்றாகக் கிடைக்கும். அடுக்கு காலியாகக் காலியாக, பின்னால் நிற்பவனுக்குப் பாதிதான் ஏறும். இன்னொரு வேடிக்கை, வேகமாக அடைத்தால் கேஸ் சூடாகிவிடும். அழுத்த மீட்டரில் முள் 200 காட்டும், ஆறினதும் இறங்கிவிடும். ஒரு நாள் ராத்திரி ரயிலடிக்குப் போக ஆட்டோ கேட்டேன். டிரைவர் மத்தியானத்திலிருந்து வரிசையில் நின்றவராம். "போக கேஸ் இருக்கு சாப், திரும்பி வர இல்லை" என்றார். மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமே என்று இரண்டு மடங்கு வாங்கினார். கொடுத்தேன், வேறென்ன செய்ய.

சென்னையில் முதலில் பணிமனையில் சார்ஜரை நட்டுவிட்டு அப்புறம்தான் பஸ்ஸை இறக்கியிருக்கிறார்கள். டெல்லியில் அதைத்தான் செய்யவில்லை.

நாசில்_மெக்கானிக்:
அண்ணன் சொன்னது சரி. இங்கே வண்டி ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். ராத்திரி பணிமனையில் போட்டுவிடலாம். நடுவழியில் வரிசை கிடையாது.

ஆனால் ஒன்றை யாரும் பேசுவதில்லை. இது ஒப்பந்த முறை. வண்டியும் டிரைவரும் கம்பெனியுடையது, பராமரிப்பும் அவர்களுடையது. கண்டக்டர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்து ஆள். ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கும். வண்டி படுத்தால் கம்பெனிக்கு நஷ்டம், அதனால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள், அது நல்லதுதான். நான் இருபது வருடமாக டீசல் எஞ்சினில் எண்ணெய் பீய்ச்சும் நாசிலும் பம்பும் கழற்றி மாட்டுகிறவன். சத்தத்தை வைத்தே எஞ்சினில் எந்த சிலிண்டர் மிஸ்ஸடிக்கிறது என்று சொல்வேன். சத்தமே போடாத வண்டியிடம் நான் எதைக் கேட்பது? 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கத்தில் 135 வண்டி வந்தபோது போய்ப் பார்த்தேன், அதில் 55 ஏசி. பானெட்டைத் தேடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத் திரும்பினேன்.

பெரம்பூர்க்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. மாமனாரிடம் படித்துக் காட்டினேன். முள் இறங்குகிற கதை வந்ததும் "ஆமாமா, அதேதான்!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். சார்ஜர் விஷயத்தில் மட்டும் அரை மனதாகத் தலையாட்டினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: ஐப்பசி மழையில் வியாசர்பாடியில் முழங்கால் தண்ணீர் நின்றால் அந்தச் சார்ஜர் என்ன ஆகும்? மெக்கானிக் அண்ணா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.