சரக்கு வண்டியில் பைக்கை ஏற்றிக் கட்டிய அனுபவங்கள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். கார்புரேட்டர் காலத்து புல்லட் 350 ஒன்றை வைத்திருக்கிறேன். பொள்ளாச்சியில் அதற்கு எஞ்சின் வேலை முடிந்ததும், புது பிஸ்டனுடன் உடனே மலை ஏற்ற மனம் வராமல், வால்பாறைக்கு ஒரு பிக்கப்பில் ஏற்றி, நானும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து சென்றேன். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் சீட்டின் மேலும் நைலான் கயிறு போட்டு, ஓட்டுநரும் அவருடைய உதவியாளரும் இழுத்து இழுத்து முடிச்சிட்டார்கள். பிடித்து ஆட்டிப் பார்த்தபோது அசையவே இல்லை. அந்த உறுதியை நானும் முழுமையாக நம்பினேன்.

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டியபின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை அந்தப் பக்கம் போனவர்கள் அறிவார்கள். ஒன்பதாவது வளைவின் காட்சி முனையை அடைவதற்குள்ளேயே பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் வண்டி இடப்பக்கப் பலகையின் மீது முழுவதுமாகச் சாய்ந்து கிடந்தது. கிளட்ச் லீவர் முறிந்து, கண்ணாடி உடைந்து, டேங்கில் கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பெட்ரோல் குழாயை நான் மூடாமல் விட்டிருந்ததால், சாய்ந்த கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டித் தளத்தகடு நனைந்திருந்தது. அந்த வாடையை இன்றும் மறக்க முடியவில்லை. தீப்பொறி ஒன்று பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சும் அவிழ்ந்திருக்கவில்லை. பிறகு எப்படி விழுந்தது என்பது பல நாள் புரியாமல் இருந்தது. பொள்ளாச்சியில் ஒரு சரக்குக் கொட்டகையில் தினமும் பைக்குகளை ஏற்றி அனுப்பும் பெரியவர் ஒருவரிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த இரு குழாய்கள், அமுங்குகிறது. அமுங்கும் அந்த நொடியில் கயிறு தொய்கிறது. மேலும், நைலான் கயிறு இழுபட இழுபட நீளும் தன்மை கொண்டது. இதற்கிடையே ஏறக்குறைய 190 கிலோ எடை, வரி வரியான தளத்தகட்டின் மேல் ஒற்றை ஸ்டாண்டின் நுனியில் ஆடிக்கொண்டிருக்கிறது. தொய்ந்த ஒரு நொடியில் ஸ்டாண்டு வழுக்கினால் போதும். "ஸ்டாண்டை முதல்ல எடுத்துடுங்க தம்பி, அது நிக்கற வண்டிக்குத்தானுங்க, போற வண்டிக்கு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, அப்போது ஏற்றவிருந்த ஒரு வண்டியிலேயே கட்டிக் காட்டினார்.

முதலில் கேபின் பக்கத்துப் பலகைக்கு முன்னால் ஒரு பழைய டயரைப் படுக்க வைத்து, பைக்கின் முன்சக்கரத்தை அதில் அழுந்தும்படி நேராக நிறுத்தினார். உதவியாளர் சீட்டில் அமர்ந்து இரு காலையும் ஊன்றி வண்டியை நிமிர்த்திப் பிடித்திருந்தார். ஹேண்டில்பாரின் முனையில் அவர் எதையும் கட்டவில்லை. ஃபோர்க்கின் இரு குழாய்களையும் இணைக்கும் கீழ்த்தட்டில் துணிப் பட்டை வளையங்களை மாட்டி, அவற்றிலிருந்து ராட்செட் பெல்ட்டுகளை (கைப்பிடியை அசைக்க அசைக்கப் பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து இறுக்கும் பட்டைகள்) முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் பக்கக் கொக்கிகளுக்குக் கொண்டுபோனார். பிறகு இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு பல், இரண்டு பல் என்று இறுக்க, ஃபோர்க் மெல்ல மெல்ல இறங்கி, சுமார் இரண்டு அங்குலம் அமுங்கியதும் நிறுத்திவிட்டார். இனி வண்டி குலுங்கினாலும் அமுங்கிய ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் பெல்ட் தொய்வதில்லை. நான்கு கயிறு கட்டியும் எனக்குக் கிடைக்காத உறுதி இதிலிருந்துதான் வருகிறது. பின்பக்கம் இரண்டு பெல்ட்டுகள், சக்கரம் பக்கவாட்டில் துள்ளாமல் இருக்கும் அளவுக்கு மட்டும். முதல் கியரில் போட்டு, முன் பிரேக் லீவரைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டி, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இறங்கினார்.

நம் ஊர் பிக்கப்புகளில் கொக்கிகள் பெரும்பாலும் பக்கப் பலகைக்கு வெளியே, கீழ் விளிம்பில்தான் இருக்கும். ஆகவே பெல்ட் பலகையின் மேல் விளிம்பில் உரசிக்கொண்டுதான் போகும். அந்தத் தகடு கத்திபோல் அறுக்கக்கூடியது என்பதால், உரசும் இடத்தில் இரண்டாகக் கீறிய பழைய டியூபைச் செருகினார். இந்தச் சின்ன வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கரூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பயனுள்ள பதிவு, மிக்க நன்றி. வீடு மாறியபோது எங்கள் ஸ்கூட்டரைக் குட்டியானை என்கிற சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிய அனுபவத்தைச் சேர்க்க விரும்புகிறேன். ஸ்கூட்டரில் இரண்டு சிக்கல்கள் உண்டு. கியரில் போட்டு நிறுத்த வழியில்லாததால் பின் பிரேக்கை இறுக்கிக் கட்டியே ஆகவேண்டும். அடுத்து, வெளியே தெரிவதெல்லாம் பிளாஸ்டிக். நான் ஹேண்டில் மூடியைச் சுற்றிக் கட்டியதில், கரூரிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் அது இரண்டாகப் பிளந்துவிட்டது. இப்போது முன் மூடிக்குக் கீழே ஃபோர்க்கிலும், பின்னால் சீட்டுக்குக் கீழ் உள்ள இரும்புச் சட்டத்திலும் மட்டுமே கட்டுகிறேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் இரண்டு தெரு தாண்டுவதற்கு அது போதுமோ என்னவோ, நெடுஞ்சாலைக்கு நான் ஒப்பமாட்டேன். ஓட்டுநர் பிரேக் அடிக்கும்போது வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

முதல் பதிவில் 'இரண்டு அங்குலம்' என்ற அளவை நண்பர்கள் கவனத்தில் கொள்ளவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நான் எதிர்த்திசையில் தவறு செய்தவன். ராட்செட் கையில் இருக்கும் வலிமை தெரியாமல், ஃபோர்க் அடியில் முட்டும்வரை இறுக்கி ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டேன். இறக்கிய மறுநாளே இரு குழாய்களிலும் எண்ணெய் கசிந்து, சீல் மாற்ற நேர்ந்தது. மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்து அசையாமல், மேலே கீழ்த்தட்டில் பொருத்தப்பட்டிருக்கும் வண்டிகளில், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் கட்டைக்கு மேல் அமுங்காது. டிஸ்க் பிரேக் குழாயின் மேலோ ஒயர் கட்டின் மேலோ பெல்ட் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே இறுக்கத் தொடங்குங்கள்.

சரக்குக் கட்டுக்கான ஐரோப்பிய நெறிமுறையான இ.என். 12195, பிரேக் அடிக்கும்போது சரக்கின் எடையில் 0.8 பங்கு முன்னோக்கியும், வளைவில் 0.5 பங்கு பக்கவாட்டிலும் தள்ளும் என்று வைத்துக்கொண்டே கட்டச் சொல்கிறது. 190 கிலோ புல்லட்டுக்கு அது முன்னோக்கி 152 கிலோ, பக்கவாட்டில் 95 கிலோ. நின்ற வண்டியைக் கையால் ஆட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

ஏற்றும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பலகையை வண்டியின் விளிம்பில் வெறுமனே சாய்த்து வைத்து எஞ்சின் பலத்தில் ஏற்றியபோது, பின்சக்கரம் பலகையைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிட்டது. என் அண்ணன் மகன் ஒதுங்கியதால் அவன் கால் தப்பியது. அன்று முதல் பலகையின் மேல்முனையைக் கயிற்றால் வண்டியோடு பிணைக்காமல் சக்கரத்தை வைப்பதில்லை. கூடுமானவரை மண் மேட்டையோ வாய்க்கால் கரையையோ ஒட்டிப் பிக்கப்பை நிறுத்தி, சமதளமாகவே தள்ளி ஏற்றுகிறேன்.

முதல் பதிவர்:

இரு நண்பர்களுக்கும் நன்றி. அளவோடு இறுக்கும் யோசனையைக் கட்டாயம் கடைப்பிடிப்பேன். கடந்த மாதம் அதே வண்டியை, அதே மலைப்பாதையில், பெரியவர் காட்டிய முறையில் கொண்டுபோனேன். புறப்பட்டுச் சுமார் 20 கிலோமீட்டரில் நிறுத்தி ஒரு முறை சரிபார்க்கும்படி அவர் சொல்லியிருந்ததால், ஆழியாறில் இறங்கிப் பார்த்தேன்; முன் வலது பெல்ட் இரண்டு பல் அளவுக்கு இளகியிருந்தது. இறுக்கிவிட்டு, மிச்சப் பட்டை காற்றில் படபடக்காமல் முடிந்து வைத்தேன். வால்பாறை சேரும்வரை அதன்பிறகு ஒரு பல்கூட நகரவில்லை.

கழற்றும் வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டாண்டை இறக்கிவிட்டு, ஒருவர் வண்டியைப் பிடித்திருக்க, வலப்பக்க பெல்ட்டுகளை முதலில் தளர்த்தினால் வண்டி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து ஸ்டாண்டில் நிற்கும். இடப்பக்கத்தை முதலில் விட்டால் அமுங்கிய ஸ்பிரிங் விடுபடும் வேகத்தில் வண்டி ஸ்டாண்டு இல்லாத பக்கம் இழுக்கப்படும். வால்பாறையில் இறக்க வந்த பையன் இடப்பக்க ராட்செட்டில்தான் முதலில் கை வைத்தான். கையைப் பிடித்து நிறுத்தி, மறுபக்கம் போகச் சொன்னேன்.